ஆமென் சொன்னா சொன்னதுதான்

ஏம்மா, இந்தப் பையை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கிடுதேன். காலை நீட்ட முடியல. ரெண்டு முட்டியும் போச்சு. வயசுனால இல்ல, ஜெபத்துனால. நாப்பது வருசம் சிமெண்டுத் தரையில முழங்கால் போட்டா முட்டி என்னத்துக்காவும்? டாக்டர் சொல்லுதாரு, இனிமே நாற்காலியில உக்காந்து ஜெபம் பண்ணுங்கம்மான்னு. அவரு ஆர்.சி., கத்தோலிக்கரு. அவங்க கோயில்ல முட்டிக்குக் கீழ பலகை போட்டிருக்கும். அவருக்கு என்ன தெரியும்.

நீ எதுவரைக்கும்? மதுரையா. நான் திருச்சி. காதுல மாட்டியிருக்கதைக் கழட்டிரும்மா, இல்லாட்டி நான் சொல்லுதது பாதி கேக்காது. நீ கிறிஸ்தவமா? இல்லையா. பரவாயில்ல, அதைக் கோவில்பட்டி தாண்டிப் பேசிக்கிடுவோம்.

என் பேரு வயலட் தங்கக்கனி. நாசரேத்துக்குத் தெக்க கிருபைபுரம்னு ஒரு ஊரு. அங்க வந்து வயலட் அம்மான்னு கேட்டா படுத்திருக்கவனும் எந்திச்சு உக்காருவான். எங்க சபையில மொத பொம்பளை மூப்பர் நாந்தான். மூப்பர்னா சபைக் காரியத்தைப் பாத்துக்கிட ஊர்ல உள்ள பெரிய ஆளு. வெளியில உள்ளவங்க, கோயிலை ஐயர் நடத்துதாருன்னு நெனைப்பாவ. ஐயர்னா எங்க பாஸ்டர், பூணூல் போட்டவரு இல்ல. அவரு வருவாரு, கொஞ்ச வருசத்துல மாத்தலாகிப் போவாரு. மூப்பர் போக மாட்டா. இதுவரைக்கும் நாலு ஐயரைப் பழக்கி எடுத்து அனுப்பியிருக்கேன். ஒருத்தரு போகும்போது அழுதுக்கிட்டே போனாரு. சந்தோசத்துல அழுதாருன்னு பியூலா சொல்லிக்கிட்டு அலையுதா. பியூலா யாருன்னா, என் நாத்தனார். பெண்கள் சங்கத்துத் தலைவி. அவளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது, அவளுக்காக நான் ஜெபிச்சுக்கிட்டு இருக்கேன்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தை யாரு பண்ணினாலும், மொத ஆமென் மூப்பர் சொல்லணும். அதுக்குப் பிறகுதான் சபை சொல்லும். என் ஆமென் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு பேரு. ஆமென்னா சும்மா கொட்டாவி விடுத மாதிரி இல்லம்மா. அப்படியே ஆகட்டும்னு கடவுளுக்கு முன்னால ஒத்துக்கிடுதது. செல்லத்துரைன்னு ஒருத்தன், நல்ல சமையக்காரன், மொடாக்குடியன். ஒரு உபவாசக் கூட்டத்துல அவன் தலையில கையை வச்சு, ஆண்டவரே, இந்த மகன் இன்னையிலருந்து குடியைத் தொட மாட்டான்னு ஜெபிச்சேன். அவன் பாதித் தூக்கத்துல ஆமென்னுட்டான். மறுநா சாயங்காலம் அவன் வீட்டு வாசல்ல போய் உக்காந்துட்டேன். எங்கல கெளம்புத, சபை முன்னாடி ஆமென் சொன்னல்லா, ஆமென் சொன்னா சொன்னதுதான்னேன். அன்னைக்கு நின்ன குடி. பாவம், இன்னைக்கு வரைக்கும் மோருதான் குடிக்கான். என்னைக் கண்டா அடுத்த தெரு வழியா போயிருவான்.

சிரிக்காத. உள்ளதைத்தான் சொல்லுதேன்.

எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்து பல வருசம் ஆச்சு. தங்கமான மனுசன். குடும்ப ஜெபத்துல ஒரு நா கூட எனக்கு எதுத்து மூச்சு விட்டதில்ல. கடைசிக் காலத்துல அவருக்குக் காது சுத்தமா கேக்காது. ஆனா ஆமென் மட்டும் சரியான நேரத்துல சொல்லுவாரு. அது கிருபை.

ஒரே மகன், கிங்ஸ்லி. டிராக்டர் விக்கிற கம்பெனியில இருக்கான். அவனுக்கு விருதுநகர் பக்கத்துலருந்து பொண்ணு எடுத்தோம். ஹெப்சி. நர்ஸ் படிப்பு. பாக்க லெச்சணமா இருப்பா, வேலை செய்வா, எதுத்துப் பேச மாட்டா. குறைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். வாயைத் தொறந்து ஜெபிக்க மாட்டா.

எங்க வீட்டுல சாயங்காலம் ஏழு மணின்னா டி.வி.யை அமத்திரணும். பாயை விரிச்சு, ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு என் ஜெபம். ஒரு அரை மணி நேரம் போகும். சில நா முக்கால் மணி நேரம் ஆவும், வீட்டுல நடக்குததைப் பொறுத்து. ஏன்னா நான் மத்தவங்களை மாதிரி பொதுவா ஜெபிக்க மாட்டேன். கடவுளுக்கு விவரம் வேணும்லா. ஆண்டவரே, சாம்பார்ல புளியை அள்ளிக் கொட்டுத கைகளை நீர் ஆசீர்வதியும். வெயில் வந்த பிறகு எந்திக்குத பிள்ளைகளுக்கு அதிகாலையில எழும்புத பெலத்தைத் தாரும். கல்யாணமாகி நாலு மாசத்துல தாய் வீட்டுக்கு மூணு தடவை போயிட்டு வந்த பாதங்களைக் களைப்பில்லாமக் காத்தருளும். இப்படித்தான். யாரு பேரையும் சொல்ல மாட்டேன். மூப்பருக்கு ஒரு நாகரிகம் உண்டு.

என் ஜெபம் முடிஞ்சதும் ஹெப்சியைப் பாப்பேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிடுவா. கேட்டா, நான் மனசுக்குள்ள ஜெபிச்சுட்டேன் அத்தைம்பா. மனசுக்குள்ள ஜெபிச்சா யாருக்குக் கேக்கும்னேன். கர்த்தருக்குக் கேக்கும் அத்தைன்னா. அவருக்குக் கேட்டாப் போதுமா, எனக்குக் கேக்கணும்லா.

பியூலா வேற, பெண்கள் சங்கத்துல வச்சே கேட்டுட்டா. ஏன் மைனி, மூப்பர் வீட்டு மருமக ஊமையான்னு. எனக்கு அவமானமா போச்சு. அன்னைக்கே ஹெப்சியை உக்கார வச்சேன். ஏட்டி, இதுல ஒரு வித்தையும் இல்ல. மொதல்ல மழைக்கும் வெயிலுக்கும் ஸ்தோத்திரம் சொல்லு, பிறகு ஐயருக்காக ரெண்டு வார்த்தை, பிறகு உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு. வேணும்னு கெஞ்சாத. கிடைச்சிட்டுன்னு நம்பி, கொடுத்ததுக்காக ஸ்தோத்திரம்னு சொல்லணும். அதுதான் விசுவாச ஜெபம். நீ கண்ணைத் தொறக்க வரைக்கும் ஒரு ஆளு குறுக்கப் பேச முடியாது, ஐயரே ஆனாலும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும்னு சொன்னேன். அவ மொகத்தைப் பாக்கணுமே. அது வரைக்கும் அவ அப்படிக் கவனமா நான் சொன்னது ஒண்ணையும் கேட்டதில்ல.

அதுக்கு மறுநா ராத்திரி ஜெபத்துல, நான் முடிச்சதும் ஒரு குரல் வருது. மழைக்காக ஸ்தோத்திரம். வெயிலுக்காக ஸ்தோத்திரம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. அப்புறம் சொல்லுதா பாரு. ஆண்டவரே, அத்தைக்குச் சுகர் முந்நூறு இருக்கு. பீரோவுக்குள்ள வெள்ளைச் சேலைக்குப் பின்னாடி அல்வா ஒளிச்சு வச்சுச் சாப்பிடுத சோதனையிலருந்து அவங்களை விடுவிச்சதுக்காக ஸ்தோத்திரம்.

கண்ணைத் தொறந்துட்டேன். அவ மூடியிருக்கா. என்ன செய்ய? ஜெபத்துக்கு நடுவுல ஏட்டி நிறுத்துன்னா சொல்ல முடியும்? கிங்ஸ்லிப் பய இருமுதான். ஒரு மனுசன் அவ்வளவு நேரம் இரும முடியாது. ஜெபம் முடிஞ்சதும் எந்திச்சுப் போய் பீரோவைப் பாத்தேன், அல்வா இல்ல. ஜெபத்துக்கு முந்தியே எடுத்துட்டா போல.

அதுக்குப் பிறகு, ஈஸ்டருக்கு முந்தி வருத தவசு நாள் முழுக்க எங்க வீட்டுல யுத்தம்தான். நான் பெருமையுள்ள ஆவிகளைக் கட்டிப் போடச் சொல்லி ஜெபிச்சா, அவ அடுத்தவங்க டிபன் பாக்ஸைத் தொறந்து பாக்குத ஆவிகளைக் கட்டி ஜெபிப்பா. நான் முக்கால் மணி நேரம் போனா, அவ முக்கால் மணி நேரம் போவா. சோறு ஆறிப் போவும், கொசு புடுங்கும். கிங்ஸ்லி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முழங்கால் போட்டிருப்பான். யாரு ஜெபத்துக்கு ஆமென் பலமா சொல்லுதான்னு நான் கவனிப்பேன், அவளும் கவனிப்பா. கடைசியில அவன் ரெண்டுக்கும் ஒரே மாதிரி முனகப் பழகிட்டான். ஒண்ணு மட்டும் சொல்லணும். பகல்ல நாங்க சண்டை போட்டதே இல்ல. அடுப்படியில என்ன வேணும் அத்தை, காப்பி போடட்டுமா அத்தைன்னு அவ்வளவு ஒத்துமை. ஏழு மணிக்குத்தான்.

இது கயத்தாறுதான். கோவில்பட்டி இனிமேத்தான். நீ கடலை மிட்டாய் வாங்கணுமா? எனக்கு வேண்டாம். சரி, ஒண்ணு தா.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆங், ஜெபச் சண்டை. பிறகுதான் திருச்சி வந்துச்சு. ஒரு நா கிங்ஸ்லி வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான். எம்மா, ஹெப்சிக்குத் திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. எங்க கம்பெனிக்கும் அங்க ஒரு கிளை இருக்கு, மாத்தல் கேட்டா குடுப்பாங்க. நீங்க என்ன சொல்லுதியன்னான்.

நான் கோவப்படல. ஜெபிப்போம்பான்னேன்.

எங்க ஆளுகள்ட்ட ஜெபிப்போம்னு ஒருத்தரு சொன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது. நடக்காதுன்னு அர்த்தம். முடியாதுன்னு சொன்னா சண்டை வரும். ஜெபிப்போம்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டான், கர்த்தர் இன்னும் பேசலப்பான்னேன். ரெண்டாம் மாசம் கேட்டான், காத்திருக்கச் சொல்லுதாருன்னேன். ஆஸ்பத்திரிக்காரன் எத்தனை நாளைக்குக் காத்திருப்பான்னு எனக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்.

நான் கெட்ட எண்ணத்துல செய்யல. அந்தப் பெரிய வீட்டுல நான் ஒத்தையில எப்படி இருப்பேன், நீயே சொல்லு. பிள்ளைகளோட நன்மைக்குத்தான் செஞ்சேன்.

அப்பதான் எங்க ஊரு அசனம் வந்தது. அசனம்னா சபை விருந்து. வருசத்துக்கு ஒரு தடவை, கோயில் வளாகத்துல பந்தல் போட்டு, கிடாரத்துல ஆட்டுக்கறி வச்சு, பணக்காரன் ஏழைன்னு இல்லாம ஊரே ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடும். வெளியூர்ல இருக்கவனெல்லாம் லீவு போட்டு வருவான். ஆண்டவருக்காக வாரான்னு சொல்லுவோம், கறிக்காக வாரான். இலையைப் போட்டு, சோத்தைப் போட்டு, கறியை ஊத்தி, அதுக்குப் பிறகுதான் ஜெபம். அது வரைக்கும் ஒரு விரல் இலையில படக் கூடாது. அந்த ஜெபத்தை ஐயர் பண்ணணும். அந்த வருசம் ஐயருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. காத்துதான் வருது. சைகையில என்னைக் காட்டி, நீங்க ஜெபிங்கம்மான்னாரு.

நான் எந்திக்கப் போனேன். அதுக்குள்ள பியூலா, எல்லாருக்கும் பசிக்கு மைனி, சுருக்கமா ஜெபிக்கவங்க யாராவது ஜெபிக்கட்டும்னா. அத்தனை பேருக்கு முன்னாடி. நானா விடுவேன்? மூப்பர் வீட்டுல ஜெபிக்க ஆளுக்கா பஞ்சம், என் மருமக ஜெபிப்பான்னுட்டேன். ஊமையான்னு கேட்டல்லா, கேளுட்டி பியூலான்னு மைக்கை வாங்கி ஹெப்சி கையில குடுத்தேன்.

என்னமா ஜெபிச்சா தெரியுமா. மழைக்கு ஸ்தோத்திரம், ஆமென்னேன். ஊரே ஆமென்னுச்சு. ஐயர் தொண்டைக்காக, ஆமென். கறி வெட்டுனவங்களுக்காக, ஆமென். செல்லத்துரை அண்ணன் கைப்பக்குவத்துக்காக, ஆமென். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிசம் நிறுத்துதா, நான் முன்னால சொல்ல, சபை பின்னால சொல்ல, பந்தலே அதிருது. எனக்குப் பெருமை தாங்கல. ஒத்தக் கண்ணைத் தொறந்து பியூலா மொகத்தைப் பாத்தேன். அங்கதான் சாத்தான் புகுந்துட்டான். பியூலா வரிசையில உள்ள இலைகள்ல எலும்பில்லாத கறியா கிடக்கு. அவ ஆளுகதான அந்த வரிசைக்குப் பரிமாறுனது. எங்க வரிசையில பாத்தா வெறும் எலும்பு. நான் துண்டுகளை எண்ண ஆரம்பிச்சுட்டேன். மூப்பர் எண்ணாம யாரு எண்ணுவா?

வாய் மட்டும் அது பாட்டுக்கு ஆமென் சொல்லிக்கிட்டு இருக்கு.

பந்தல்ல திடீர்னு சத்தம் கூடுச்சு. பெரிய ஆமென். கைதட்டுதாவ. ஐயர் தொண்டையில்லாத தொண்டையில ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு காத்து விட்டுக்கிட்டு என்னைப் பாத்துக் கும்பிடுதாரு. கிங்ஸ்லி அழுதுக்கிட்டு நிக்கான். என்னல, என்ன ஆச்சுன்னேன்.

பிறகுதான் தெரிஞ்சுது. அவ கடைசியா என்ன சொல்லியிருக்கான்னா, எங்களைத் தடுக்காம, முழு மனசோட எங்களைத் திருச்சிக்கு அனுப்பி வைக்கிற பெரிய மனசை எங்க அத்தைக்குக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம். மொத ஆமென் நான் சொல்லியிருக்கேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்படியா.

சோறு இறங்கல. ஒவ்வொருத்தியா வந்து, மைனி உங்களுக்குத்தான் இந்த மனசு வரும், ஒத்த மகனை அனுப்புதியளேன்னு கையைப் புடிக்கா. எப்படி மறுக்க? கவனிக்கல, கறித்துண்டை எண்ணிக்கிட்டு இருந்தேன்னா சொல்ல முடியும்? செல்லத்துரை கறி வாளியைத் தூக்கிக்கிட்டு என் இலைக்கு வந்தான். அவன் என் கிட்ட வந்தே வருசக்கணக்காச்சு. குனிஞ்சு ஒரு நல்ல துண்டாப் பாத்து வச்சான். வச்சுட்டு மெதுவா, ஆமென் சொன்னா சொன்னதுதான் அக்கான்னான்.

வீட்டுக்கு வந்து ஹெப்சியைக் கேட்டேன். ஏட்டி, இப்படிப் பண்ணிட்டியேன்னு. நீங்கதானே அத்தை சொன்னீங்க, கிடைச்சதா நம்பி ஸ்தோத்திரம் சொல்லணும்னு. நான் நம்பினேன்னா. மொகத்துல ஒரு கள்ளமும் இல்ல. அவ வேணும்னு செஞ்சாளா, நெசமாவே நம்பிச் செஞ்சாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. நான் பழக்குன கழுதை, எனக்கே பிடிபடல.

அசனம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே ரெண்டு பேரும் போயிட்டாவ. லாரியில சாமான் ஏறும்போது நான் உள்ளயே இருந்துக்கிட்டேன். அழுததை ஒருத்தருக்கும் காட்டல.

அன்னைக்கு ஏழு மணிக்குப் பாயை விரிச்சேன். பாட்டுப் பாடினேன். வாசிச்சேன். முழங்கால் போட்டு, ஆண்டவரேன்னு ஆரம்பிச்சேன். மழைக்கு ஸ்தோத்திரம், வெயிலுக்கு ஸ்தோத்திரம். அதுக்கு மேல ஒண்ணும் வர மாட்டேங்கு. ரெண்டு நிமிசத்துல ஜெபம் முடிஞ்சிட்டு. நாப்பது வருசத்துல எனக்கு இப்படி ஆனதே இல்ல. நானே ஆமென் சொன்னேன். அந்தச் சத்தம் எனக்கே பிடிக்கல. ஐயர்ட்ட சொன்னேன், என் ஜெபத்தைச் சாத்தான் தடுக்கான்னு. அவரு, வீட்டுல வேற யாரும் இல்லாததுனால இருக்கும்மான்னாரு. என்ன சம்பந்தம்? நான் கடவுள்கிட்டதான ஜெபிக்கேன். இந்தக் காலத்து ஐயருங்களுக்கு ஆவிக்குரிய காரியம் தெரிய மாட்டேங்கு.

போன வாரம் ஹெப்சி போன் போட்டா. அத்தை, வாடகை வீட்டுலருந்து சொந்த வீட்டுக்கு மாறுதோம், சனிக்கிழமை வீட்டு ஜெபம். இங்க உள்ள ஐயரும் வாராரு, ஆனா நீங்கதான் ஜெபிக்கணும்னா. ஏன், அவருக்கு வாயில்லையான்னேன். உங்க அளவுக்கு இல்ல அத்தைன்னா. இந்தப் பையில உள்ள முந்திரிக்கொத்தெல்லாம் அவளுக்குத்தான் பண்ணிக் கொண்டு போறேன். கிங்ஸ்லிக்குப் பிடிக்கும்னு சொல்லிக் குடுக்கணும். அவளுக்குத்தான்.

திருநெல்வேலியில பஸ் ஏறுனதுலருந்து அந்த ஜெபத்தைத்தான் கோத்துக்கிட்டே வாரேன். எல்லாம் அடுக்கி வச்சாச்சு. ரெண்டாவது மாடியில வீடு வாங்குன புத்திக்காக, போன் எடுக்காத கைகளுக்காக, ஓட்டல்ல வாங்கித் திங்குத வாய்களுக்காக. நல்லாத்தான் போகுது. மூணு ரூமுன்னு கிங்ஸ்லி சொன்னான். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணுல கம்ப்யூட்டர், ஒண்ணு விருந்தாளிகளுக்கு. விருந்தாளின்னா யாருப்பான்னு கேட்டேன். சத்தம் சரியா கேக்கலம்மான்னுட்டான். அந்த ரூமுக்கு வந்ததும் என் ஜெபம் நின்னு போகுது.

எனக்கு ஊர் வீட்டுல ஒத்தையில இருக்கப் பயமா இருக்கும்மா. மூப்பர் பதவியை வேணும்னா பியூலா எடுத்துக்கிடட்டும். கறியையும் எடுத்துக்கிடட்டும். ஆண்டவரே, அந்த மூணாவது ரூம்ல என் கட்டிலைப் போட வச்சதுக்காக ஸ்தோத்திரம்னு, இந்த ஒரு வரிதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் சும்மா. அவளை மாதிரியே நம்பித்தான் சொல்லணும்.

சொல்லுதது பெரிய காரியம் இல்ல. சொல்லிட்டு நான் நிறுத்தணும்லா. அங்க நான் மூப்பர் கிடையாது. அது அவ வீடு, மொத ஆமென் அவ சொல்லணும். கால்ல மெட்டி கிடக்கு, நீயும் ஒரு வீட்டு மருமகதான. உன் மாமியாரு உன் வீட்டுக்கு வந்து, ஐயரு, அக்கம்பக்கம் எல்லாருக்கும் முன்னால இப்படிக் கேட்டுட்டு நிறுத்துனா, நீ ஆமென் சொல்லுவியாம்மா?

ஏம்மா. ஏன் ஜன்னலைப் பாக்க? மதுரைக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கே.